உராய்வைப் புறக்கணிக்கவும்

ஜூன் 3, செவ்வாய்

நூற்றுக்குப் பதினொன்று.

முதலாளி விடைத்தாளை மேசைமேல் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பதினொன்று பதினொன்றாகவே இருந்தது. "பத்தொன்பது வருஷமா வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறீங்க மாஸ்டர். வண்டி ஏன் ஓடுதுன்னு உங்களுக்கே தெரியலையே" என்றார். ஓடுதே, அது போதாதா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இந்தப் புது விதி யார் மூளையில் உதித்ததோ தெரியவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற எல்லாரும் அடிப்படை இயற்பியல் தாள் எழுதி நாற்பது மதிப்பெண் வாங்க வேண்டுமாம். ஜூலை பத்தொன்பதில் மறுதேர்வு. அதிலும் கோட்டை விட்டால் பயிற்றுநர் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்பத்தேழு வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்? அடுத்தவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பயப்படாத மாதிரி நடிக்கத் தெரியும். அதற்கு வேறு எங்கே வேலை கொடுப்பார்கள்?

ஏழாவது கேள்வியை இங்கே எழுதி வைக்கிறேன். பிற்காலத்தில் சிரிக்கலாம். 'விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் 4000 கிலோ லாரி, நின்றுகொண்டிருக்கும் 1000 கிலோ கார் மீது மோதுகிறது. மோதிய பின் இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. உராய்வைப் புறக்கணிக்கவும். இப்போது அவற்றின் திசைவேகம் என்ன?'

என் விடை: 'லாரி டிரைவர் உடனே பிரேக் பிடிப்பார். எனவே திசைவேகம் பூஜ்யம். பிறகு இருவரும் இறங்கிச் சண்டை போடுவார்கள். காரை நடுரோட்டில் நிறுத்தியது யார் என்று கேள்வியில் சொல்லப்படவில்லை.'

என் மனைவி இதைப் படித்துவிட்டுத் தையல் மெஷினை நிறுத்திச் சிரித்தாள். "நீங்க எழுதினதுதாங்க சரி" என்றாள். அவள் மதிப்பெண் போட்டிருந்தால் தேறியிருப்பேன்.

ஜூன் 4, புதன்

பேட்ஜை இன்று மூன்று தடவை துடைத்தேன்.

ஜூன் 6, வெள்ளி

டீச்சரிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். மாணவியிடம் போய் மாஸ்டர் பெயிலான கதையைச் சொல்வது என்ன லட்சணம்?

ஆனால் டீச்சரும் சாதாரண மாணவி இல்லை. பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் இருபது வருஷமாக இயற்பியல் நடத்துகிறார். ஓட்டுநர் தேர்வுக்கு நான்கு தடவை போய் நான்கு தடவையும் போன வேகத்தில் திரும்பியவர். போக்குவரத்து அலுவலக இன்ஸ்பெக்டர் மேடம் இவரைக் கண்டாலே சீட் பெல்ட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொள்வார். வீட்டில் கார் இருக்கிறது, கணவர் வெளியூர் வேலையில் இருக்கிறார், கார் உறையைப் போர்த்திக்கொண்டு நாலு மாதமாகத் தூங்குகிறது.

என்ன கோளாறு என்றால், மேட்டில் எஞ்சினை அணைத்துவிடுவார். முதல் கியர் என்று நினைத்து ரிவர்ஸைப் போட்டுவிடுவார். கிளட்சிலிருந்து காலை எடுக்கும் முன் ஒரு கருத்தரங்கம் நடத்தும் அளவுக்கு யோசிப்பார். ஒன்றே ஒன்றில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை: சிக்னலில் நிறுத்துவது. பம்பரின் விளிம்பும் வெள்ளைக் கோட்டின் விளிம்பும் முத்தமிட்டுக்கொண்டு நிற்கும். நானே அப்படி நிறுத்தியதில்லை.

"ஏன் மாஸ்டர் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். பரிதாபமாகத்தான் தலையாட்டினார். ஏழாவது கேள்வியின் விடையைச் சொன்னதும் ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்து சிரிக்க ஆரம்பித்தார். ஹாரன் அழுந்திக்கொண்டே இருந்தது. தெருவில் நான்கு வீடுகளின் ஜன்னல்கள் திறந்தன.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எனக்கு ஓட்டக் கத்துக்கொடுங்க. நான் உங்களுக்கு ஏன் ஓடுதுன்னு கத்துக்கொடுக்கறேன்" என்றார்.

காலை ஆறு மணிக்கு அவருக்குப் பாடம். முடிந்ததும் வண்டியை ஓரங்கட்டி எனக்குப் பாடம். முதலாளிக்குத் தெரியாது.

ஜூன் 10, செவ்வாய்

முதல் பாடம் உந்தம். நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் வருவது.

"வண்டியோட முரட்டுத்தனம்னு வச்சுக்கலாமா டீச்சர்?"

"வச்சுக்குங்க. மோதலுக்கு முன்னாடி மொத்த முரட்டுத்தனம் எவ்வளவோ, பின்னாடியும் அவ்வளவுதான். ஒருத்தர்கிட்ட குறைஞ்சது இன்னொருத்தர்கிட்ட ஏறியிருக்கும். இதுதான் உந்த அழிவின்மை விதி."

சட்டென்று புரிந்துவிட்டது. என் மைத்துனன் கோபமாக வீட்டுக்கு வருவான், அரை மணி நேரம் என்னிடம் கத்துவான், பிறகு சாந்தமாகக் காபி குடிப்பான். நான் சாயங்காலம் வரை கத்திக்கொண்டிருப்பேன். மொத்தம் மாறவே மாறாது. இதைச் சொன்னதும் டீச்சர் நோட்டில் குறித்துக்கொண்டார், வகுப்பில் சொல்லப் போகிறாராம்.

"இதுல திசை ரொம்ப முக்கியம் மாஸ்டர். முன்னாடி போறது கூட்டல். பின்னாடி வர்றது கழித்தல்" என்றார். சரி.

ஆனால் அடுத்த வரியில்தான் சண்டை. உராய்வைப் புறக்கணிக்கவும்!

"டீச்சர், உராய்வு இல்லன்னா டயர் நின்ன இடத்துலயே சுத்தும். வண்டி நகராது. நகராத வண்டி எப்படிப் போய் மோதும்?"

டீச்சர் பேனாவை மூடித் திறந்தார். "அது... ஒரு எளிமைக்காக மாஸ்டர்."

"பத்தொன்பது வருஷமா நான் உயிரோட இருக்கறதே உராய்வாலதான். அதைப் போய்ப் புறக்கணிக்கச் சொன்னா எப்படி? அப்புறம் இந்த 'ஒட்டிக்கொண்டு நகர்கின்றன'. எந்த ஊர்ல டீச்சர் மோதின வண்டி ஒட்டிக்கிட்டுப் போகுது? நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லை."

"மாஸ்டர், உங்களுக்கு நாற்பது மார்க் வேணுமா, நியாயம் வேணுமா?"

நாற்பது போதும் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

மேம்பாலம். டீச்சரின் பரம விரோதி. பாதி ஏற்றத்தில் சிவப்பு விழுந்து நின்றோம். பச்சை வந்தது, எஞ்சின் அணைந்தது. கிளப்பினார். அணைந்தது. ஐந்து தடவை. பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் உலகமே.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "எடுத்ததுமே ரெண்டாவதுக்குத் தாவாதீங்க டீச்சர்! மேடு ஏறி முடியற வரைக்கும் முதல் கியரை விடாதீங்க. வேகம் போனா போகட்டும், இழுவை வரும். வேகமும் வேணும் இழுவையும் வேணும்னா எஞ்சின் எங்கே போகும்? அதுகிட்ட இருக்கறதே அவ்வளவுதான்!"

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"மாஸ்டர்... திறன் சமம் விசை பெருக்கல் திசைவேகம்."

"என்னது?"

"எஞ்சின் கொடுக்கற திறன் அவ்வளவுதான். திசைவேகத்தைக் குறைச்சா விசை கூடும். இருபது வருஷமா இதைக் கரும்பலகையில எழுதிட்டிருக்கேன். இது கியர் கம்பியில இருக்குன்னு ஒருத்தர்கூட எனக்குச் சொல்லலையே!"

பஸ் டிரைவர் இறங்கியே வந்துவிட்டார். டீச்சர் கண்ணாடியை இறக்கி அவருக்கும் விளக்கினார். அவர் கேட்டுவிட்டு, "அது எனக்குத் தெரியும்மா, நீங்க ஏறுங்க" என்றார். டீச்சர் முதல் கியரைப் போட்டு, ஆமை மாதிரி, அணையாமல் உச்சி வரைக்கும் ஏறினார். உச்சியில் இருவரும் கைதட்டிக்கொண்டோம். ஸ்டியரிங்கைப் பிடியுங்கள் என்று கத்தினேன்.

ஜூன் 18, புதன்

திறன் கணக்கு மூன்று போட்டேன். இரண்டு சரி.

ஜூன் 22, ஞாயிறு

மனைவியின் அக்கா வீட்டுக்குப் போய்வந்தோம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வழக்கம்போல் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பஸ்ஸில் நாற்பது பேர் தூங்குகிறார்கள், பிரேக் பிடித்துக்கொண்டு வருவது நான் ஒருவன்தான். ஒவ்வொரு வளைவிலும் கால் தானாகப் போய்த் தரையை மிதிக்கிறது. முன் ஸீட்டுக்காரர் இரண்டு தரம் திரும்பி முறைத்தார்.

"கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாச்சு. ஒரு தடவையாவது நீங்க வண்டியில தூங்கி நான் பார்க்கணும்" என்றாள், இறங்கும்போது. நடக்கிற காரியமா அது? அடுத்தவன் காலில் எனக்கு எப்படி நம்பிக்கை வரும்?

ஜூன் 27, வெள்ளி

வண்டியின் நிறையோடு உள்ளே இருக்கும் ஆட்களின் நிறையையும் சேர்க்க வேண்டுமாம். என்னுடையது எழுபத்தைந்து என்றேன். கணக்குத்தானே.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை உடனே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணினால் கோணட்டும்.

காலை ஏழு மணி இருக்கும். கடைத்தெரு சிக்னல். சிவப்பு. எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. டீச்சர் வண்டியை நிறுத்தினார். நான் — இதை எழுதத்தான் வேண்டும் — நான் மடியில் இருந்த நோட்டில் பன்னிரண்டாவது கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதுகில் யாரோ அறைந்த மாதிரி ஒரு இடி. நிமிர்ந்து பார்த்தால் கோட்டைத் தாண்டி நாற்சந்திக்குள் நிற்கிறோம். என் மூக்குக் கண்ணாடி பின் ஸீட்டில். எங்கள் டிக்கிக்குள் ஒரு வேனின் பம்பர். மெத்தை ஏற்றி வந்த வேன். டீச்சர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை மிதித்த கால் மிதித்தபடி, "மாஸ்டர்... ஒட்டிக்கிச்சு" என்றார்.

வேன்காரர் குதித்து இறங்கினார். "என்னம்மா, ரிவர்ஸ்ல வந்து இடிக்கிறீங்க! நான் பாட்டுக்குக் கோட்டுல நின்னுட்டிருக்கேன். நீங்க கோட்டைத் தாண்டிப் போய் நின்னுட்டு, பயந்துபோய்ப் பின்னாடி வந்தீங்க!"

பார்த்தால் வேனின் மூக்கு சரியாகக் கோட்டில்தான் நிற்கிறது. எங்கள் கார் முழுசாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம். கூடிய கூட்டம் எங்கள் கூரையில் இருந்த 'எல்' பலகையைப் பார்த்தது. தீர்ப்பு எழுதியாயிற்று. அந்த சிக்னலில் கேமரா இருக்கிறது. அது வேலை செய்யாது என்பது எல்லாருக்கும் தெரியும், வேன்காரருக்கும்.

கியரைப் பார்த்தேன். நியூட்ரல். பதற்றத்தில் டீச்சரே தட்டிவிட்டிருக்கிறார்.

"ரிவர்ஸ் போட்டீங்களா டீச்சர்?" காதோடு கேட்டேன்.

"தெரியல மாஸ்டர். நீங்க பார்க்கலையா?"

நான் பார்க்கவில்லை. பார்க்கத்தான் எனக்கு அந்த ஸீட்டையே கொடுத்திருக்கிறார்கள்.

வீடு அடுத்த தெரு. சத்தம் கேட்டு என் மனைவி ஓடி வந்தாள், கழுத்தில் தைக்கிற இன்ச் டேப்போடு. எனக்கு என்ன தோன்றியதோ, அதைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். "ரோட்டுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றாள். ஆனால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் கார் டயர்கள் தேய்ந்து போட்ட கறுப்புக் கோடு மூன்றரை மீட்டர். அவள் போனில் படம் எடுத்தோம். பிறகு நான்கு பேர் கடப்பாரை போட்டு இரண்டு வண்டிகளையும் பிரித்தார்கள்.

ஜூலை 3, வியாழன்

எட்டாம் தேதி விசாரணை. எங்கள் பக்கம் தப்பு என்று ஆகிவிட்டால் பேட்ஜ் அன்றைக்கே போய்விடும். மறுதேர்வு எழுதக்கூட விடமாட்டார்களாம்.

டீச்சர் போன் செய்தார். இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டாராம். "யோசிக்க யோசிக்க நான் ரிவர்ஸ் போட்ட மாதிரியேதான் ஞாபகம் வருது மாஸ்டர். என்மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு."

போனை வைத்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன். டேய், பக்கத்துல உட்கார்ந்திருந்தியே, எங்கடா பார்த்துட்டிருந்தே? உந்தம் படிச்சானாம் உந்தம்!

ஜூலை 5, சனி

டீச்சரை வீட்டுக்கு வரச்சொல்லி மனைவியே போன் போட்டாள். துணி வெட்டும் மேசைமேல் தையல் சாக்கால் ரோடு வரைந்தோம். பெரிய பொத்தான் வேன். சின்னப் பொத்தான் கார்.

நான் முதலில் துள்ளினேன். "என் கண்ணாடி பின் ஸீட்டுக்குப் போச்சே! அதுவே சாட்சி. வேன்தான் இடிச்சது!"

டீச்சர் தலையாட்டினார். "வேன் வந்து இடிச்சாலும் பின்னாடிதான் போகும். நாம பின்னாடி போய் இடிச்சாலும் பின்னாடிதான் போகும். அது ரெண்டு பக்கமும் பேசற சாட்சி மாஸ்டர்."

போயிற்று. மூவரும் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கே இடித்தது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார் டீச்சர். கோட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?

"பின் லைட் கண்ணாடி உடைஞ்ச இடம்னா எனக்குத் தெரியுமே" என்றாள் என் மனைவி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "சில்லெல்லாம் வேனுக்கு அடியிலதானே கிடந்தது. கோட்டுக்கு ஒரு கார் நீளம் பின்னாடி. மிதிச்சுட்டேன், செருப்புல இன்னும் இருக்கு."

இதை ஏண்டி மூணு நாளா சொல்லலை என்றேன். நீங்க கேக்கவே இல்லையே என்றாள். போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வேனின் வயிற்றுக்குக் கீழே சிவப்புச் சில்லுகள் மின்னுகின்றன.

டீச்சர் சின்னப் பொத்தானை எடுத்தார். அதன் வால் சில்லுகள் கிடந்த இடத்துக்கு வரும்படி வைத்தார். அதன் மூக்கு எங்கே வருகிறது? கோட்டின் விளிம்பில். முத்தமிட்டுக்கொண்டு.

"அப்ப நான் கோட்டுலதான் நின்னுட்டிருந்தேன்" என்றார். குரல் உடைந்துவிட்டது. "தாண்டவே இல்லை. ரிவர்ஸும் போடலை." புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். மனைவி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மீதிக் கணக்கு டீச்சர் பழைய டீச்சராகிப் போட்டது. அங்கே இடிபட்டு, ஒட்டிக்கொண்டு, மூன்றரை மீட்டர் முன்னால் தேய்ந்து வந்திருக்கிறோம். இடித்தவுடன் என்ன வேகம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"இதுக்கு உராய்வு வேணும் மாஸ்டர்."

"புறக்கணிக்கட்டுமா?"

"கிண்டலா? அதுதான் இப்ப நமக்கு இருக்கற ஒரே சாட்சி."

காய்ந்த ரோட்டில் தேய்ந்து மூன்றரை மீட்டரில் நிற்க, விநாடிக்கு ஏழு மீட்டர் வந்திருக்க வேண்டுமாம். அடுத்து நிறை. வேன், மெத்தை, வேன்காரர் எல்லாம் சேர்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரம். கார் எண்ணூறு. டீச்சர் அறுபது. "மாஸ்டர் எழுபத்தைந்து" என்று எழுதப் போனார்.

என் மனைவி மெஷினை நிறுத்தினாள். "யாரு? இவரா? போன வாரம்தான் இடுப்பளவு எடுத்தேன்."

தொண்ணூறு என்று ஒப்புக்கொண்டேன். அதனால் விடை பெரிதாக மாறாது, ஆனாலும் விசாரணையில் பொய் எடை சொல்லக்கூடாது என்றார் டீச்சர். ஆக மொத்தம் 2850 கிலோ, ஏழு மீட்டர் வேகம். இடிக்கும் முன் அத்தனை உந்தமும் வேனிடம் மட்டும்தான் இருந்தது. 1900 ஆல் வகுத்தால் பத்தரை. மணிக்கு முப்பத்தேழு புள்ளி எட்டு கிலோமீட்டர். கடைத்தெருவில் இருபதுக்கு மேல் போகக்கூடாது.

வகுத்தது நான். முதல் தடவையே சரி.

ஜூலை 8, செவ்வாய்

விசாரணை. இன்ஸ்பெக்டர் மேடத்தின் அறை. வேன்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், பால் வடியும் முகத்தோடு. முதலாளி என் பக்கத்தில். டீச்சர் மடியில் நோட்டு.

மேடம் நேரே என்னிடம் வந்தார். "மோதும்போது வண்டி எந்த கியர்ல இருந்தது மாஸ்டர்?"

நியூட்ரல் என்று சொன்னால் முடிந்தது. இடித்த பிறகு அது நியூட்ரல்தானே. முதலாளி மேசைக்கடியில் என் காலை மிதித்தார். ஆனால் ஆறு நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"பார்க்கலை மேடம். நோட்டைப் பார்த்துட்டிருந்தேன். உங்க தேர்வுக்குத்தான் படிச்சிட்டிருந்தேன்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப உங்க பேச்சை நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம் மேடம். ரோட்டை நம்புங்க."

படங்களை வைத்தேன். மேடத்தின் ஸ்டேப்ளரைக் காராக்கினேன், காகிதத்தில் ஓட்டை போடும் கருவியை வேனாக்கினேன். "இவர் சொல்றபடி வேன் நின்னுட்டிருந்துச்சு. உந்தம் பூஜ்யம். நாங்க ரிவர்ஸ்ல வந்தோம். அது பின்னாடி. ரெண்டும் ஒட்டினா எந்தப் பக்கம் போகணும்? பின்னாடிதானே? ஆனா சில்லு இங்க கிடக்கு, வண்டி ரெண்டும் மூணரை மீட்டர் முன்னாடி வந்து நிக்குது. பூஜ்யமும் பின்னாடியும் சேர்ந்தா முன்னாடி வராது மேடம்."

மேடம் ஸ்டேப்ளரைப் பின்னால் தள்ளி ஓட்டைக் கருவியில் இடித்துப் பார்த்தார். பிறகு ஓட்டைக் கருவியால் ஸ்டேப்ளரை இடித்தார். மூன்றாவது தடவை பேனா ஸ்டாண்டே கீழே விழுந்தது. அதற்குள் வேன்காரரின் முகத்தில் பால் வடிவது நின்று அசடு வழிய ஆரம்பித்துவிட்டது.

"நீங்க கோட்டுல நின்னுட்டிருந்தா அவங்க லைட் உங்க வயித்துக்கடியில எப்படிங்க உடைஞ்சுது?" என்றார் மேடம்.

வேன்காரர் ஸ்டேப்ளரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "மெதுவாத்தான் மேடம் வந்தேன். ஒரு இருபத்தஞ்சு, முப்பது..."

"முப்பத்தேழு புள்ளி எட்டு" என்றார் டீச்சர்.

எனக்கும் எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. 'பயிற்சி வாகனத்துக்குள் பயிற்றுநர் புத்தகம், நோட்டு, கணக்கு எதையும் பார்க்கக் கூடாது.' பேட்ஜ் சட்டையில்தான் இருக்கிறது. வெளியே வந்ததும் முதலாளி, "உங்க பேச்சை நம்ப வேண்டாம்னு நீங்களே சொல்வீங்கன்னு நான் நினைக்கவே இல்லை" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

ஜூலை 9, புதன்

காலை ஆறு மணிக்கு டீச்சர் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். என் மடியில் ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரமும் கியரையே பார்த்தேன்.

ஜூலை 19, சனி

தேர்வு. அதே லாரி, அதே கார். எண்கள்கூட மாறவில்லை. உராய்வைப் புறக்கணிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். மனசில்லாமல் புறக்கணித்தேன். விநாடிக்கு எட்டு மீட்டர். பேனாவை வைத்த பிறகு மனசு கேட்கவில்லை, மறுபடி எடுத்து அடியில் ஒரு வரி எழுதினேன்: 'ஆனால் நிஜ ரோட்டில் புறக்கணிக்க வேண்டாம்.'

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாற்பத்தாறு. அந்த வரிக்கு ஒரு மதிப்பெண் கழித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சிவப்பு மையில் 'உண்மைதான்' என்றும் எழுதியிருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

ஐந்தாவது தடவை. டீச்சருக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. மேம்பாலத்தில் இன்ஸ்பெக்டர் மேடத்துக்குத் திறன் பாடம் நடத்திக்கொண்டே ஏறினாராம். நான் அலுவலக வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். இதோ பாருங்க மாஸ்டர் என்று அட்டையைக் காட்டியபோது அவரும் அழுதார், நானும் அழுதேன், டீக்கடைக்காரர் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

டீச்சருக்கு அந்தப் பக்கம் ஏதோ வேலையாம். எங்களையும் மனைவியின் அக்கா வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றார். சொந்தக் கார், உறையைக் கழற்றித் துடைத்துவைத்திருந்தார். முன் ஸீட்டில் என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் நான் பின்னால். பத்தொன்பது வருஷத்தில் என் காலடியில் பிரேக் இல்லாத காரில் மாணவர் ஓட்ட உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

கடைத்தெரு சிக்னல் வரை கால் தரையை மிதித்துக்கொண்டேதான் வந்தது. டீச்சர் கோட்டில் நிறுத்தினார். எட்டிப் பார்த்தேன். முத்தம்.

கண்ணாடியில் என்னைப் பார்த்து, "உங்க காலை நான் புறக்கணிச்சிட்டேன் மாஸ்டர்" என்றார். முன்னால் இருவரும் சிரித்தார்கள். என்னவோ தையல், என்னவோ பள்ளிக்கூடம் என்று பேச ஆரம்பித்தார்கள். மேம்பாலம் வந்தது. முதல் கியருக்கு மாற்றும் சத்தம் கேட்டது. சரியான இடத்தில்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, என் மனைவி தோளைப் பிடித்து உலுக்குகிறாள். "இறங்குங்க. வந்தாச்சு."

"மேம்பாலம்?"

"அது போய் ஒண்ணே முக்கால் மணி நேரமாச்சு."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் விட்ட குறட்டை எஞ்சின் சத்தத்துக்கு மேல் இருந்ததாம். இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை, தேதியைக் குறித்து வையுங்கள் என்றாள் மனைவி. குறித்துவிட்டேன்.